கரிநாளுக்குக் கூந்தன்குளம்

குழு: ஆச்சி வீட்டுப் பிள்ளைகள்

போகிக்கு முந்தின நாள்

பெரியப்பா: காலை வணக்கம். பாப்பா, கம்பெனியில் இருந்து ஏதாவது மெயில் வந்ததா?

நான்: வணக்கம் பெரியப்பா. வந்தது. சேரும் தேதியை மறுபடியும் தள்ளிவிட்டார்கள். மார்ச் என்று போட்டிருக்கிறது.

பெரியப்பா: ஆஃபர் லெட்டர் கையில் இருந்தும் இப்படியா. அதுவரை சும்மா இருக்காமல் குரூப் 2-க்குப் படிக்கலாமே.

அம்மா: அவள் எங்கே சும்மா இருக்கிறாள் அத்தான். சாயங்காலம் தெருப் பிள்ளைகளுக்குக் கணக்கு டியூஷன். காலையில் நயினார்குளக் கரையில் போய் நிற்கிறாள். ஐந்தரைக்கு அலாரம். கல்லூரிக்குப் போன நான்கு வருஷமும் ஏழரைக்கு எழுப்பினாலும் எழுந்தது கிடையாது.

சித்தப்பா சென்னை: குளத்தில் என்ன வேலை?

அம்மா: கொக்கு பார்க்கிறாளாம்.

நான்: கொக்கு மட்டும் இல்லை சித்தப்பா. நீர்க்காகம், நாமக்கோழி, முக்குளிப்பான், அரிவாள்மூக்கன் எல்லாம் இருக்கிறது. ஆகாயத்தாமரை மூடாத இடமாகப் பார்த்து நிற்க வேண்டும், அவ்வளவுதான்.

சித்தப்பா சென்னை: சூப்பர். அப்படியே வீடியோ எடுத்து ஒரு யூடியூப் சேனல் தொடங்கு. இப்போது எல்லாரும் இதில்தான் சம்பாதிக்கிறார்கள்.

நான்: வேண்டாம் சித்தப்பா. சேனல் தொடங்கினால் பறவையைப் பார்க்க முடியாது, வியூஸைத்தான் பார்க்க வேண்டும். டியூஷன் காசில் ஒரு பைனாகுலர் வாங்கிவிட்டேன். இப்போதைக்கு அது போதும்.

சித்தப்பா சென்னை: எத்தனை மடங்கு? பையன் 20 மடங்கு கேட்டு நச்சரிக்கிறான்.

நான்: வாங்கிக் கொடுத்துவிடாதீர்கள்! 8x42 போதும். 8 மடங்கு பெரிதாகக் காட்டும், 42 என்பது முன்பக்கக் கண்ணாடியின் விட்டம், மில்லிமீட்டரில். 20 மடங்கு என்றால் கை நடுக்கமும் 20 மடங்காகத் தெரியும். ஸ்டாண்ட் இல்லாமல் ஒன்றும் பார்க்க முடியாது. 8x42 பத்தாயிரத்துக்குக் கீழேயே கிடைக்கிறது.

பெரியப்பா: எல்லாம் சரி. பறவையை எண்ணி யாருக்கு என்ன ஆகப்போகிறது?

நான்: பெரியப்பா, நம் திருநெல்வேலி மாவட்டத்தில் 2011-இல் இருந்து ஜனவரி மாதம் தாமிரபரணி நீர்ப்பறவைகள் கணக்கெடுப்பு நடக்கிறது. தன்னார்வலர்கள் பிரிந்து குளம் குளமாகப் போய் எண்ணுவார்கள். ஒரு குளத்துக்கு வழக்கமாக வருகிற வாத்து ஒரு வருஷம் வரவில்லை என்றால், தண்ணீர் இல்லையா, கழிவு கலந்துவிட்டதா, கரையில் இருந்த மரம் போய்விட்டதா என்று கேட்க வேண்டும் இல்லையா? முன்னால் எத்தனை வந்தது என்று எழுதி வைத்திருந்தால்தான் கேட்க முடியும். ரேஷன் கடையில்கூட ஸ்டாக் எழுதித்தானே போடுகிறார்கள்.

பெரியப்பா: 👍

அத்தை தூத்துக்குடி: பெரிய அண்ணன் கட்டைவிரலோடு நிறுத்திவிட்டானா! மருமகளே, நீ ஜெயித்துவிட்டாய்.

நான்: அத்தை, நீங்கள் எல்லாரும் ஒரு உதவி செய்ய வேண்டும். பொங்கல் பறவைகள் கணக்கெடுப்பு என்று ஒன்று இருக்கிறது. தமிழ்நாடு முழுக்க 2015-இல் இருந்து நடக்கிறது. பொங்கலை ஒட்டி நான்கு நாள். எங்கேயும் போக வேண்டாம். மொட்டை மாடி, வாசல், வயல், எதுவானாலும் சரி. குறைந்தது 15 நிமிடம் நின்று, கண்ணில் பட்டது, காதில் கேட்டது எல்லாவற்றையும் எழுதி அனுப்பினால் நான் இபேர்ட் என்கிற பறவைப் பதிவுத் தளத்தில் ஏற்றிவிடுகிறேன்.

சித்தப்பா சென்னை: எனக்குக் காக்கையும் புறாவும்தான் தெரியும்.

நான்: அதை எழுதுங்கள். காக்கைதானே என்று விட்டுவிடக் கூடாது, அதுதான் முக்கியம். பெயர் தெரியாததைப் போட்டோ எடுத்து இங்கே போடுங்கள்.

போகி

அத்தை தூத்துக்குடி: ஒத்திகை பார்த்தேன். மாடியில் காக்கை 14, மைனா 2. எதிர்வீட்டுத் தண்ணீர்த் தொட்டியில் பழுப்பாக ஒரு கொக்கு உட்கார்ந்திருந்தது. பறந்ததும் வெள்ளையாகிவிட்டது! கண்ணில் கோளாறா என்று கண்ணாடியைத் துடைத்துப் பார்த்தேன்.

நான்: கண் நன்றாகத்தான் இருக்கிறது அத்தை. அது மடையான். உட்கார்ந்திருக்கும்போது முதுகு மண் நிறம், இறக்கை விரித்தால் வெள்ளை. சேற்றில் நின்றால் பக்கத்தில் போகும்வரை தெரியாது. காக்கை எந்தக் காக்கை?

அத்தை தூத்துக்குடி: காக்கையில் என்ன எந்தக் காக்கை?

நான்: கழுத்து சாம்பல் நிறமாக இருந்தால் வீட்டுக் காக்கை. முழுக் கறுப்பாக, அலகு தடியாக இருந்தால் அண்டங்காக்கை.

அத்தை தூத்துக்குடி: இதையெல்லாம் யார் பார்த்தார்கள். நாளைக்குப் பார்க்கிறேன்.

நான்: உப்பளம் பக்கம் போனால் பூநாரையையும் பாருங்கள். உங்கள் ஊரில் இருந்துகொண்டு அதை விடலாமா?

அத்தை தூத்துக்குடி: அந்த ரோஜா நிறக் கூட்டமா? பஸ்ஸில் போகும்போது பார்த்திருக்கிறேன். இறங்கிப் பார்த்தது இல்லை.

அண்ணன்: ஆச்சி சொல்லச் சொல்ல நான் டைப் செய்கிறேன். “ஏட்டி, நம் வேப்பமரத்தில் புள்ளி புள்ளியாக, நீள வாலோடு ஒன்று உட்கார்ந்திருக்கிறது. கண் சிவப்பு. பருந்துக் குஞ்சு என்கிறான் உன் பெரியப்பன். பருந்து இப்படிப் பழமா தேடும்?”

நான்: ஆச்சி சொல்வதுதான் சரி, பருந்து இல்லை. அது பெண் குயில்!

அண்ணன்: “குயில் கறுப்பாக அல்லவா இருக்கும்?”

நான்: ஆண்தான் கறுப்பு ஆச்சி. கூவுவதும் ஆண்தான். இந்தக் குளிருக்கு அதுவும் வாயைத் திறக்காது. வெயில் ஏறினால்தான் பாட்டு. நீங்கள் அதைத் தினமும் பார்த்திருப்பீர்கள், சத்தம் வராததால் குயில் என்று தோன்றியிருக்காது.

அண்ணன்: ஆச்சி சிரிக்கிறாள். “பாடுகிறவனுக்குத்தான் பேர்” என்கிறாள்.

பெரியப்பா: பருந்துக் குஞ்சு மாதிரி இருந்தது என்றுதான் சொன்னேன்.

அம்மா: 😂

பெரியப்பா: குயிலை விடுங்கள். போன சித்திரையில் கோடை உழவு ஓட்டும்போது ஆட்காட்டி ஒன்று டிராக்டருக்கு முன்னால் வந்து கத்து கத்தென்று கத்தியது. இறங்கிப் பார்த்தால் வெறும் தரையில் நான்கு முட்டை. கூடு என்று சொல்ல ஒரு குச்சிகூட இல்லை, சுற்றிலும் கூழாங்கல். முட்டையும் கல் மாதிரியே இருந்தது. டிரைவர் மிதித்தே இருப்பான். நான்தான் அந்த இடத்தில் நாலு கம்பு நட்டு, சுற்றி ஓட்டச் சொன்னேன். அந்தத் துண்டு உழாமலே கிடந்தது.

நான்: பெரியப்பா!! இதை ஏன் இவ்வளவு நாள் சொல்லவே இல்லை?

பெரியப்பா: இதில் சொல்ல என்ன இருக்கிறது. குஞ்சு பொரித்து நடந்து போய்விட்டது. பிறந்த அன்றைக்கே ஓடுகிறது அது.

சித்தப்பா சென்னை: பறவையை எண்ணி யாருக்கு என்ன என்று கேட்டவர் இந்தக் குழுவில்தான் இருக்கிறாரா?

பொங்கல்

அம்மா: எல்லாருக்கும் பொங்கல் நல்வாழ்த்துகள். பொங்கல் பொங்கியாச்சு.

அத்தை தூத்துக்குடி: பொங்கலோ பொங்கல்! வீட்டுக் காக்கை 19, அண்டங்காக்கை 2, மைனா 4, தேன்சிட்டு 1, மடையான் 1. உங்கள் மாமா காலையிலேயே உப்பளம் கூட்டிப்போனார். பூநாரை 60-க்கு மேல். தலையைத் தலைகீழாகத் தண்ணீரில் விட்டுத் தின்கிறது.

நான்: ஆமாம் அத்தை, அலகை அப்படிக் கவிழ்த்துத்தான் சேற்றுத் தண்ணீரை வடிகட்டும். நல்ல பட்டியல்.

சித்தப்பா சென்னை: பள்ளிக்கரணை ஓரமாக வண்டியை நிறுத்தி 15 நிமிடம் நின்றோம். சத்தமும் தூசியும் தாங்கவில்லை. ஆனால் ஊதா நிறத்தில் சிவப்பு மூக்கோடு கோழி மாதிரி நிறைய. பையன் 31 வரைக்கும் எண்ணினான். 20 மடங்கு கேட்கவே இல்லை.

நான்: நீலத்தாழைக்கோழி. சதுப்பு நிலத்து நாணலுக்குள் நடக்க நீள விரல் இருக்கும், கவனித்தானா?

சித்தப்பா சென்னை: கவனித்தானாம். அதை வரைந்துகொண்டு இருக்கிறான்.

அண்ணன்: எங்கள் பட்டியல். தவிட்டுக்குருவி 7, பனங்காடை 1, செம்போத்து 1, கரிச்சான் 3, மயில் 5. மயிலைப் பார்த்தால் அப்பாவுக்குக் கோபம் வருகிறது, நெல்லைத் தின்கிறதாம். அதை எங்கே எழுதுவது?

நான்: குறிப்பு என்று ஒரு இடம் இருக்கிறது. பெரியப்பாவின் கோபத்தை அங்கே எழுதிவிடுகிறேன்.

பெரியப்பா: எழுது. நஷ்டஈடு கேட்டதாகவும் எழுது.

நான்: சரி, ஒரு கேள்வி. பொங்கல் முடிந்து ஊர் சுற்றுகிற கரிநாளுக்கு எல்லாரும் ஆச்சி வீட்டில்தானே இருப்போம். கூந்தன்குளம் பறவைகள் சரணாலயத்துக்குப் போகலாமா?

அம்மா: பிள்ளைகள் அணைக்கட்டு என்றார்கள்.

நான்: அணைக்கட்டுக் கூட்டத்தில் நிற்கவே இடம் இருக்காது அம்மா. கூந்தன்குளத்தில் இந்த வருஷம் தண்ணீர் நன்றாக இருக்கிறது. வரித்தலை வாத்து வந்திருக்கும். மங்கோலியா, திபெத் பக்கம் முட்டையிட்டுவிட்டு, இமயமலையைத் தாண்டி வருவது. 7000 மீட்டருக்கு மேலே பறந்ததைக் கருவி பொருத்திப் பார்த்திருக்கிறார்கள். அவ்வளவு தூரம் பறந்து நாங்குநேரி தாலுகாவுக்கு வருகிறது, நாம் பக்கத்து ஊரில் இருந்துகொண்டு போகாவிட்டால் எப்படி?

அண்ணன்: “எனக்குக் கல்யாணம் ஆகி வந்த புதிதில் மாட்டு வண்டியில் போயிருக்கிறேன். வீட்டு முற்றத்து மரத்திலேயே நாரை கூடு கட்டி இருந்தது. ஊர்க்காரர்கள் ஒன்றும் சொல்ல மாட்டார்கள். நானும் வருவேன்.” ஆச்சி புடவை எடுத்து வைக்கச் சொல்லிவிட்டாள்.

நான்: இப்போதும் ஊருக்குள் இருக்கிற மரங்களில் மஞ்சள்மூக்கு நாரை கூடு கட்டுகிறது ஆச்சி. ஒன்று மட்டும், யாரும் பளபளக்கும் நிறத்தில் உடுத்த வேண்டாம். ஸ்பீக்கரில் பாட்டும் வேண்டாம். ஏழு மணிக்கு அங்கே இருக்க வேண்டும்.

சித்தப்பா சென்னை: கரிநாளில் ஏழு மணிக்கா!

அப்பா: வேன் பேசிவிட்டேன். டீசல் என் கணக்கு.

அத்தை தூத்துக்குடி: சின்ன அண்ணன் டைப் செய்கிறான்! இத்தனை நாள் நீல டிக் மட்டும்தான் வந்துகொண்டிருந்தது.

அம்மா: புளியோதரையும் தயிர்ச்சாதமும் கட்டுகிறேன். மதினி, நீங்கள் மக்ரூன் வாங்கி வாருங்கள்.

பெரியப்பா: எனக்கு முன் சீட். பைனாகுலர் முதலில் என் கைக்கு வர வேண்டும்.

நான்: ஆளுக்கு ஐந்து நிமிடம் பெரியப்பா. ஆச்சிக்கு மட்டும் கணக்குக் கிடையாது.

அத்தை தூத்துக்குடி: அதெல்லாம் சரி, அவ்வளவு காலையில் டீ எங்கே கிடைக்கும்?

பெரியப்பா: மூலைக்கரைப்பட்டியில் நிறுத்தலாம். ஐந்தே முக்காலுக்கு எல்லாரும் வாசலில் இருங்கள்.