ஏழு குடும்பம், ஒரு காணி: உறுதி எழுதுவதில் நிற்கிறோம்

வணக்கம். யாழ்ப்பாணம் கொழும்புத்துறையில் 6 பரப்பு (60 பேர்ச்) காணி ஒன்றை ஏழு குடும்பமாகச் சேர்ந்து வாங்க ஜனவரியில் இருந்து ஓடித்திரிகிறோம், தனித்தனியாக எங்களில் ஒருவராலும் டவுனுக்குக் கிட்ட வாங்க ஏலாது. சிறிய வீடுகள், பொதுச் சமையலறை, ஒரு கிணறு, மழைநீர்த் தொட்டி, நடுவில் நிற்கிற மாமரத்தோடு முற்றம். கிணற்றை நினைத்துத்தான் எனக்குக் கவலை அதிகம். எங்களுடையது சுண்ணக்கல் நிலம், வீட்டுக்கு ஒரு மலசலகூடக் குழி தோண்டினால் கழிவு நிலத்தடி நீருக்குள் இறங்கிவிடும், அதனால் அடியும் பூசிய ஒரே பொதுத் தொட்டி என்று முடிவெடுத்தோம்.

சிக்கல் உறுதியில், அதாவது காணிப் பத்திரத்தில். பிரிபடாத பங்காக, எல்லை பிரிக்காமல் முழுக் காணியிலும் ஆளுக்கொரு பங்கு என்று, எழுதலாம் என்றார் பத்திரம் எழுதுகிற நொத்தாரிசு. ஒருவர் விற்க வெளிக்கிட்டால் யாழ்ப்பாணத் தமிழரின் வழமைச் சட்டமான தேசவழமைப்படி மற்றப் பங்காளிகளுக்கு வாங்க முன்னுரிமை உண்டு, அது எங்களுக்கு நல்லதே. ஆனால் அப்படிப் பங்குக்குக் கடன் தரமாட்டோம் என்று இரண்டு வங்கிகள் சொல்லிவிட்டன. சரி, பிரித்து எழுதுவோம் என்றால் 60 பேர்ச்சை ஏழாகப் பிரிக்க ஆளுக்கு எட்டரை பேர்ச்தான் வரும், முற்றம் போய்விடும். அப்புறம் 1973ஆம் ஆண்டின் கூட்டாதனச் சட்டத்தை (தொடர்மாடி போல வீடு அவரவருக்கு, மற்ற இடம் எல்லோருக்கும் பொது என்று எழுதுகிற முறை) பார்த்தோம், அது தனித்தனி வீடுகளுக்குப் பொருந்துமா என்று கேட்டால் அளவையாளர் ஒன்று சொல்கிறார், சட்டத்தரணி வேறொன்று சொல்கிறார். காணிக்காரர் அடுத்த மாதம் வரைதான் பொறுப்பார்.

இப்படிச் சேர்ந்து வாங்கியவர்கள் இருந்தால் சொல்லுங்கள்: வங்கிக் கடனும் கிடைத்து, கிணறும் முற்றமும் பொதுவாகவே இருக்க உறுதியை எந்த முறையில் எழுதினீர்கள்?