புதுப்பிப்பு: தொட்டியில் வண்ண மிளகாய் – பூ உதிர்வும் இலைச்சுருட்டையும்

அழகுக்கு வைக்கும் வண்ண மிளகாயைச் சமையலுக்கும் பறிக்கலாம் என்ற முந்தைய பதிவின் தொடர்ச்சி இது. புதுச்சேரியில் பலரும் கேட்பது பூ உதிர்வைப் பற்றித்தான். பகலில் 35 டிகிரியைத் தாண்டி, இரவிலும் வெக்கை தணியாவிட்டால் மகரந்தம் வீணாகும்; பூ கொட்டும். அதற்காக உரத்தைக் கூட்டாதீர்கள், இலைதான் பெருகும். பிற்பகலுக்கு மட்டும் நிழல்வலை போதும். காலை வெயில் கட்டாயம் வேண்டும். குறைந்தால் காயின் ஊதா நிறம் வெளிறிவிடும்.

இலை மேல்நோக்கிச் சுருண்டால் இலைப்பேன், கீழ்நோக்கிச் சுருண்டால் சிலந்திப்பேன். லிட்டர் தண்ணீருக்கு 5 மில்லி வேப்பெண்ணெய், கொஞ்சம் சோப்புக் கரைசல். வாரம் ஒருமுறை, மாலையில், இலையின் அடிப்பக்கம் நனையத் தெளியுங்கள்.

கடலோரத் தெருக்களில் உப்புத் தண்ணீரால் இலை நுனி கருகும். தென்னைநார்க் கழிவையும் உப்புப் போக நல்ல தண்ணீரில் இரண்டு மூன்று முறை அலசியே தொட்டி மண்ணில் கலக்கவும்.

நர்சரியில் காயோடு வாங்கிய செடியா? அழகுச்செடி என்பதால் உணவுப் பயிருக்கு ஆகாத மருந்து அடித்திருக்கலாம். அந்தக் காயைச் சாப்பிடாமல், விதையெடுத்துப் புதுச்செடி வளருங்கள். இன்னொன்று: உருண்டைச் சிவப்புக் காய் காய்க்கும் ஜெருசலேம் செர்ரி பார்வைக்கு இதுபோலவே இருக்கும். அது நச்சுச்செடி, வாயில் வைக்கவே கூடாது.