டெக்சஸ்: சிட்டி நம் வரிப்பணத்தில் லாபியிஸ்ட் வைக்கலாமா?

வடடல்லாஸ்:
எங்கள் சிட்டியின் வரைவு பட்ஜெட்டில், சட்டமன்ற முடிவுகளில் செல்வாக்கு செலுத்த ஆகும் செலவு என்று ஒரு ஐட்டம் தனியாக இருக்கிறது. நாம் கட்டும் ப்ராபர்ட்டி டாக்ஸில் (சொத்து வரியில்), மாநிலத் தலைநகர் ஆஸ்டினில் சட்டமன்ற உறுப்பினர்களிடம் சிட்டிக்காகப் பேச ஆள், அதாவது லாபியிஸ்ட், வைப்பது சட்டப்படி செல்லுமா? இதைத் தடை செய்து பில் பாஸாகிவிட்டது என்கிறார்கள் சிலர், இல்லை என்கிறார்கள் சிலர். பணம் யாருக்குப் போகிறது என்று எங்கே பார்ப்பது?

சட்டப்பிரிவு:
பாஸாகவில்லை. மாநிலச் சட்டமன்றத்தின் இரண்டு அவைகளில் செனட்டைத் தாண்டும், ஹவுஸில் நின்றுவிடும், இதுதான் தொடர்கதை. 2019 மே மாதம் எஸ்.பி. (செனட் பில்) 29 ஹவுஸில் வாக்கெடுப்புக்கே வந்து, ஆதரவு 58, எதிர்ப்பு 85 என்று தோற்றது. 2021இல் எஸ்.பி. 10, 2023இல் எஸ்.பி. 175, 2025இல் எஸ்.பி. 19 எல்லாம் செனட்டைத் தாண்டியும் சட்டமாகவில்லை. அடுத்த வழக்கமான கூட்டத்தொடர் 2027 ஜனவரியில்தான்.

அதற்காக எந்தத் தடையும் இல்லை என்று நினைக்க வேண்டாம். கவர்ன்மென்ட் கோட் 556.0055 பிரிவின்படி, மாநில அரசிடமிருந்து வந்த பணத்தை லாபியிஸ்டுக்குக் கொடுக்கக் கூடாது. ஓட்டை எங்கே என்றால், சிட்டி உள்ளூரில் வசூலிக்கும் வரிக்கு இது பொருந்தாது. மாநிலப் பணத்தைச் சாலைக்குப் போட்டுவிட்டு, அதனால் மிச்சமான உள்ளூர்ப் பணத்தை லாபியிங்குக்குத் திருப்பினால் சட்டம் மீறப்படவில்லை. கவுண்டிகள் (மாவட்டம் போன்ற உள்ளூர் நிர்வாகங்கள்) தங்களுக்காகப் பேசும் சங்கங்களுக்குச் சந்தா கட்டுவதற்கு லோக்கல் கவர்ன்மென்ட் கோட் 89.002 தனி நிபந்தனை விதிக்கிறது.

பட்ஜெட்டில் நீங்கள் பார்த்த அந்த ஐட்டம் 2019இல் வந்த எச்.பி. (ஹவுஸ் பில்) 1495இன் பலன். முந்தைய ஆண்டுச் செலவோடு ஒப்பிட்டுப் பார்க்கும்படி அதைக் காட்டியாக வேண்டும்.

கணக்குப்புலி:
பணத்தைத் தேடும் வழி சொல்கிறேன். முதலில் லாபியிஸ்டுகள் பதிவு செய்யும் டெக்சஸ் எதிக்ஸ் கமிஷன் தளத்தில் லாபியிஸ்ட் பட்டியலை எடுத்து, ‘கிளையன்ட்’ பெயரில் உங்கள் சிட்டியைத் தேடுங்கள். அங்கே பொதுவாகச் சரியான தொகை இருக்காது, இத்தனையிலிருந்து இத்தனை டாலர் வரை என்ற வரம்புதான் இருக்கும். ஒரே நிறுவனத்தில் நாலு பேர் பதிவு செய்திருந்தால் நாலு பேரின் வரம்பும் தனித்தனியே வரும். மேல்வரம்புகளைக் கூட்டிப் போட்டுப் பரபரப்பான மொத்தம் சொல்பவர்களை நம்பாதீர்கள். சிட்டியின் சொந்த ஊழியர்கள் செய்யும் வேலையையும் இந்தப் பட்டியல் காட்டாது. அதற்கு, மற்ற அரசுகளோடு தொடர்பைக் கவனிக்கும் ‘இன்டர்கவர்ன்மென்டல் ரிலேஷன்ஸ்’ துறையின் பட்ஜெட்டைப் பார்க்க வேண்டும்.

சரியான தொகை வேண்டுமென்றால் பப்ளிக் இன்ஃபர்மேஷன் ஆக்ட் (டெக்சஸின் தகவல் அறியும் சட்டம்) மனுதான் வழி. சிட்டி செக்ரட்டரிக்கு ஈமெயில் போதும். “லாபியிங் பற்றிய எல்லாம்” என்று கேட்டால் விளக்கம் கேட்டு இழுத்தடிப்பார்கள். கேட்க வேண்டியது மூன்று: இன்ன தேதியிலிருந்து இன்ன தேதி வரை உள்ள ஒப்பந்தங்கள், இன்வாய்ஸ்கள், சட்டமன்ற நிலைப்பாடு பற்றி கவுன்சில் நிறைவேற்றிய தீர்மானம். 50 பக்கத்துக்குள் இருந்தால் பொதுவாக ஆள்கூலி வாங்க முடியாது, பக்கத்துக்கு 10 சென்ட்தான். கட்டணம் 40 டாலரைத் தாண்டும் என்றால் முன்கூட்டியே எழுத்தில் மதிப்பீடு தர வேண்டும். தர மறுக்க நினைத்தால் பொதுவாக 10 வேலைநாளுக்குள் மாநில அட்டர்னி ஜெனரலிடம் முடிவு கேட்டு அவர்களே போக வேண்டும்.

பலர் கோட்டைவிடும் இடம் ஒன்று உண்டு. லாபியிங் செய்வது வக்கீல் நிறுவனமாக இருந்தால் செலவு ‘லீகல் சர்வீசஸ்’ தலைப்பில் ஒளிந்திருக்கும், இன்வாய்ஸில் வேலை விவரத்தைக் கறுப்படித்துத் தருவார்கள். மனுவிலேயே அந்த ஆக்டின் 552.022 பிரிவைக் குறிப்பிடுங்கள். பொதுப்பணச் செலவு பற்றிய ஒப்பந்தமும் வவுச்சரும் (பணம் கொடுத்த ரசீதும்) ரகசியமென்று சட்டம் வெளிப்படையாகச் சொல்லாதவரை பொது ஆவணங்களே.

மேற்குடெக்சஸ்:
தடை வேண்டும் என்பவர்கள் அது எப்படி வேலை செய்யும் என்பதையும் யோசிக்க வேண்டும். இந்த பில்கள் பதிவுபெற்ற லாபியிஸ்டுக்கு மட்டுமல்ல, லாபியிஸ்ட் வைத்திருக்கும் சங்கத்துக்குச் சந்தா கட்டுவதற்கும் கை வைத்தன. மேயரும் ஊழியர்களும் நேரில் போய்ப் பேசலாம் என்று விட்டுவைத்தார்கள். கேட்க நியாயமாக இருக்கும். ஆனால் செனட் கமிட்டி விசாரணைக்கு 24 மணி நேர நோட்டீஸ் போதும். எல் பாசோவிலிருந்து ஆஸ்டின் ஏறத்தாழ 575 மைல். 140 நாள் கூட்டத்தொடரில் தாக்கலாகும் பில்கள் 2023இல் மட்டும் 8,000க்கு மேல். 2020 சென்சஸில் 64 பேர் இருந்த லவிங் கவுண்டி இதையெல்லாம் யாரை வைத்துப் படிக்கும்? ஹூஸ்டன், டல்லாஸ் மாதிரி பெரிய சிட்டிகள் லாபியிஸ்டைச் சம்பள ஊழியராக மாற்றிக்கொண்டு அதே வேலையைத் தொடரும். அடி விழுவது சின்ன ஊருக்குத்தான். ஹவுஸில் கிராமப்புறத் தொகுதிக்காரர்கள் தயங்கியது வீண் பயம் இல்லை.

சட்டப்பிரிவு:
சின்ன ஊர் பற்றிச் சொன்னது நியாயம். பில்களைப் படித்துத் தகவல் சொல்ல சங்கம் வேண்டும். ஆனால் 2019இல் எஸ்.பி. 2 வந்தபோது நடந்ததை மறக்க முடியாது. வாக்காளர் ஒப்புதல் இல்லாமல் சிட்டியும் கவுண்டியும் உயர்த்தக்கூடிய வரி வருவாயின் வரம்பை 8 சதவீதத்திலிருந்து 3.5க்கு இறக்கிய பில் அது. அதை எதிர்த்து வாதாடிய சங்கங்களுக்குச் சந்தா போனது, அந்த வரியைக் கட்டியவர்களின் பணத்திலிருந்து. வேறு கருத்துள்ளவன் பணத்தை எடுத்து அவனுக்கு எதிராகவே பேசுவது தவறு. தகவல் சேவைக்கு ஒரு சந்தா, லாபியிங்குக்குத் தனிச் சந்தா என்று பிரித்து, இரண்டாவதற்குக் கவுன்சில் பகிரங்கமாக ஓட்டுப் போடட்டும். அதற்கு ஆஸ்டினின் அனுமதி தேவையில்லை, உங்கள் கவுன்சிலே இந்த ஆண்டே செய்யலாம்.

வடடல்லாஸ்:
இதைக் கவுன்சிலில் எப்போது எழுப்பினால் பலன் இருக்கும்?

கணக்குப்புலி:
பெரும்பாலான சிட்டிகளுக்கு நிதியாண்டு அக்டோபர் 1இல் தொடங்கும். எனவே பட்ஜெட் பப்ளிக் ஹியரிங் ஆகஸ்ட், செப்டம்பரில் வரும். மனுவை ஜூலையிலேயே போட்டுவிடுங்கள், இன்வாய்ஸ் கையில் இருக்கும்போது பேச்சு வேறு மாதிரி இருக்கும். கூட்டத்தொடருக்கான நிலைப்பாட்டுத் தீர்மானம் வழக்கமாக இரட்டைப்படை ஆண்டின் கடைசி மாதங்களில் வரும். ஒரே ஓட்டில் மொத்தமாக நிறைவேற்றும் ‘கன்சென்ட் அஜெண்டா’ பட்டியலில் பத்தோடு பதினொன்றாகப் போட்டு விவாதமின்றி முடித்துவிடுவார்கள். அந்த ஐட்டத்தைத் தனியாக எடுக்கச் சொல்லி உங்கள் கவுன்சில் மெம்பருக்குக் கூட்டத்துக்கு முன்பே எழுதுங்கள்.