கிளிரிசிடியா விறகு போட்டால் தார் வருவது நிற்கவே இல்லை, வழி சொல்லுங்கள்

வணக்கம் அண்ணாமார், அக்காமார். தெமட்டகொடையில் ஒரு சின்னப் பட்டறையில், விறகை வாயுவாக்கும் டவுன்ட்ராஃப்ட் கேசிஃபையர் (வாயு மேலிருந்து கீழே இறங்கும் வகை) ஓட்டுகிறோம். கம்பெனி மொடல் இல்லை, உள்ளூரில் ஒட்டியது. தொண்டை (உள்ளே ஒடுங்கும் பகுதி) விட்டம் 10 சென்டிமீற்றர், காற்றுக் குழாய் நான்கு. சிரட்டை போட்டால் சுத்தமாக ஓடும். போன மாதம் கிளிரிசிடியாவுக்கு மாறியதிலிருந்து அரை மணித்தியாலத்துக்குள் வாயுவோடு வரும் பிசுபிசுப்பான தாரால் மரத்தூள் ஃபில்டர் கருப்புப் பாகாகி அடைத்துவிடுகிறது, சுடர் மஞ்சளாகிப் புகைகிறது, தொண்டை வெப்பம் 700 பாகையைத் தாண்டுவதே இல்லை (சிரட்டையில் 900க்கு மேல் போகும்).

ஈரப்பதத்தை 15 சதவீதத்துக்குக் கீழே கொண்டுவந்தாயிற்று, கொழும்பு மழையில் அதுவே பெரிய வேலை. துண்டுகளைப் பெருவிரல் அளவுக்கு வெட்டினோம், மூடியில் கசிவு பார்த்தோம், மேலே சிக்கி நிற்கிறதோ என்று கம்பியால் குத்தியும் பார்த்தோம். அப்புறம் ஊதுகுழலைக் கூட்டினோம். கரிப்படுக்கை சீக்கிரம் தீர்ந்ததுதான் மிச்சம். காற்றில் ஓட்டுவதால் வாயுவில் ஏறத்தாழப் பாதி நைதரசன், அது தெரியும், பிறகு பார்த்துக்கொள்ளலாம். ஆனால் இதை அடுத்து மெதனோல் ஆக்கச் செப்பு, நாகம் (சிங்க்) கலந்த ஊக்கிக்கு (வினையை வேகப்படுத்தும் பொருள்) அனுப்ப வேண்டும், தார் பட்டால் ஊக்கி போச்சு. சிரட்டைக்கே திரும்பு என்று மட்டும் சொல்லாதீர்கள், கரி சுடுகிறவர்கள் கொடுக்கும் விலைக்கு எங்களால் வாங்க ஏலாது.

தொண்டையை ஒடுக்குவதா, காற்றுக் குழாய்களைக் கீழே இறக்குவதா, எதை முதலில் மாற்றலாம்?