பொருள்: "பைண்ட் / அன்பைண்ட்": "இணை" வேண்டாம், "பிணை – அவிழ்" என முன்மொழிகிறேன்

குழுவினருக்கு வணக்கம்.

லினக்ஸில் யூஎஸ்பி சீரியல் கருவிகளுக்கான பழுதறியும் கையேட்டில் "பைண்ட்" (கருவியை இயக்கும் நிரலான டிரைவர் ஒரு கருவியை ஏற்று நடத்தத் தொடங்குவது; விட்டு விலகுவது "அன்பைண்ட்") என்பதற்கு "இணை" என்றே வைத்துவிடலாம், இனியும் இழுக்க வேண்டாம் என்று போன வாரம் கிட்டத்தட்ட முடிவு செய்திருந்தோம். நானும் சம்மதம் என்று எழுதியிருந்தேன். அந்தச் சம்மதத்தைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன். நம் வரைவை வைத்துக்கொண்டு வகுப்பில் ஒரு மாணவி ஒரு மணி நேரத்தைத் தொலைத்ததை நேரில் பார்த்த பிறகு என்னால் அதற்கு உடன்பட முடியவில்லை.

நடந்தது இதுதான். யூஎஸ்பியைச் சீரியலாக மாற்றும் சிஎச்340 சிப் உள்ள ஒரு போர்டை அவர் மடிக்கணினியில் செருகினார். டிமெஸ்ஜி பதிவில் (லினக்ஸின் மையமான கர்னல் எழுதும் செய்திகள்) முதலில் 1ஏ86:7523 என்ற அடையாள எண்ணோடு புதிய கருவி வந்ததாக ஒரு வரி. அடுத்து, சிஎச்341 மாற்றி டிடிஒய்யூஎஸ்பி0 ஆகக் கிடைத்துவிட்டது என்று ஒரு வரி. (சிஎச்340க்கும் டிரைவரின் பெயர் சிஎச்341தான்; டிடிஒய்யூஎஸ்பி0 என்பது நிரல்கள் திறக்கும் சீரியல் போர்ட்டின் பெயர்.) ஓரிரு நொடியில் யூஎஸ்பிஎஃப்எஸ் (நிரல்கள் யூஎஸ்பி கருவியை நேரடியாகக் கையாளும் வழி) என்று தொடங்கும் ஒரு எச்சரிக்கை. கடைசியாக, ஆங்கிலத்தில் "டிஸ்கனெக்டட்" என்று முடியும் வரி. கர்னலின் செய்திகள் ஆங்கிலத்தில்தான் வரும். அவற்றுக்கு நம் கையேடு தரும் விளக்கத்தைத்தான் அவர் பார்த்தார். அங்கே "இணைப்பு துண்டிக்கப்பட்டது" என்று இருந்தது. இரண்டு பக்கம் தள்ளி, "இணைப்பு துண்டிக்கப்பட்டால் கேபிளை மாற்றிப் பார்க்கவும்" என்றும் நாமே எழுதியிருக்கிறோம். அவர் மூன்று கேபிள்களை மாற்றினார். பிறகு போர்ட்டை மாற்றினார். கடைசியில் போர்டு செத்துவிட்டது என்று முடிவு கட்டினார்.

கேபிளை யாரும் தொடவே இல்லை. பார்வையற்றோர் பயன்படுத்தும் பிரெயில் திரைகளுக்கான பிஆர்எல்டிடிஒய் என்ற நிரல் அந்தக் கணினியில் இருந்தது. பிரெயில் திரை ஒன்றிலும் அதே சிப் அதே எண்ணோடு இருப்பதால், அந்த எண்ணையும் அது தன் யூடெவ் (செருகும் கருவிகளைக் கவனிக்கும் லினக்ஸ் நிரல்) விதிக் கோப்பில் வைத்திருக்கிறது. போர்டைப் பிரெயில் திரை என்று எண்ணி, யூஎஸ்பிஎஃப்எஸ் வழியாக அதன் அமைவடிவத்தை (கான்ஃபிகரேஷன்) அது மறுபடி நிறுவப் பார்த்தது. அங்கே உட்கார்ந்திருந்த சிஎச்341 டிரைவரையும் வெளியேற்றியது. கருவி அப்படியே கிடந்தது. எல்எஸ்யூஎஸ்பி (யூஎஸ்பி கருவிகளைப் பட்டியலிடும் கட்டளை) கொடுத்தால் 1ஏ86:7523 தெரிந்துகொண்டேதான் இருந்தது. எல்எஸ்மாட் (கர்னலில் ஏறியிருக்கும் மாட்யூல்களைப் பட்டியலிடும் கட்டளை) கொடுத்தால் டிரைவர் அடங்கிய மாட்யூலும் இருந்தது. போனது இரண்டுக்கும் இடையிலிருந்த உறவு மட்டுமே.

(இதற்கு இணையத்தில் பரவலாகச் சொல்லப்படும் தீர்வு அந்த நிரலையே அழித்துவிடு என்பது. நம் கையேட்டில் அப்படி எழுதக் கூடாது என்று கேட்டுக்கொள்கிறேன். ஆய்வகக் கணினிக்கு முன் நாளை பார்வையற்ற மாணவர் ஒருவர் உட்காரலாம். அந்த விதிக் கோப்பை இடிசி அடைவுக்குள் உள்ள யூடெவ் விதிகள் அடைவில் அதே பெயரில் நகலெடுத்து, 1ஏ86:7523க்கு உரிய பகுதியை மட்டும் செயல்படாத குறிப்பாக்கிவிட்டால் போதும். அங்கே உள்ள கோப்புக்கே முன்னுரிமை. மற்ற பிரெயில் திரைகள் வழக்கம்போல வேலை செய்யும்.)

கையேட்டைப் படிப்பவர் மூன்று நிகழ்வுகளை வேறு வேறாகப் பார்க்க முடிய வேண்டும். கேபிள் கணினியில் இருக்கிறதா? மாட்யூல் நினைவகத்தில் இருக்கிறதா? டிரைவர் இந்தக் கருவியை ஏற்று நடத்துகிறதா? நம் வரைவில் முதலாவதற்கும் மூன்றாவதற்கும் "இணை". இரண்டாவதற்குக்கூட ஓரிடத்தில் "கர்னலுடன் இணைக்கவும்" என்று இருக்கிறது. மூன்று பூட்டுக்கும் ஒரே சாவியைக் கொடுத்துவிட்டுக் கதவு திறக்கவில்லையே என்று கேட்கிறோம். ஆங்கில மூலத்திலேயே இந்தக் குழப்பம் உண்டு. கேபிளை உருவினாலும் டிரைவர் மட்டும் வெளியேறினாலும் சீரியல் பகுதி அதே "டிஸ்கனெக்டட்" வரியைத்தான் எழுதுகிறது. உண்மையிலேயே உருவியிருந்தால் அதற்கு முன் "யூஎஸ்பி டிஸ்கனெக்ட், டிவைஸ் நம்பர்" என்று இன்னொரு வரி இருக்கும். பழகியவர் அந்த வரி இல்லாததை வைத்துப் பிடித்துவிடுவார். புதியவருக்குத் தமிழ் அதை முதலிலேயே பிரித்துச் சொல்லிவிடலாம். மூலத்தில் இருக்கும் மயக்கத்தை நாமும் சுமக்க வேண்டும் என்று என்ன கட்டாயம்?

இனி, இதுவரை வந்த சொற்கள்.

"பூட்டு – அவிழ்" என்று ஒருவர் எழுதியிருந்தார். வண்டியில் மாட்டைப் பூட்டுவதும் அவிழ்ப்பதும். மாடு தொழுவத்தில் நின்றால் மட்டும் வண்டி நகராது, பூட்ட வேண்டும். மாட்யூல் ஏறியிருந்தும் பைண்ட் ஆகாத நிலை அப்படியே அதில் வந்துவிடுகிறது. எனக்கு மிகவும் பிடித்த சொல் இது. ஆனால் கர்னல் பற்றி எழுதும்போது "லாக்" என்பதற்குப் "பூட்டு" இல்லாமல் ஒரு பக்கம்கூட நகராது. ஒரு டிரைவரைப் பூட்டினோம் என்றால் லாக்கைப் பிடித்தோம் என்றுதான் படிப்பவர் நினைப்பார். மனமில்லாமல்தான் விடுகிறேன்.

யாழ்ப்பாணத்து நண்பர் "கொளுவு" என்றார். தமிழ்நாட்டில் பலருக்கு இது புதிதாகத் தோன்றலாம், ஆனால் நல்ல, உயிருள்ள சொல். கொக்கியில் மாட்டுவது என்ற பொருள் முன்னால் நிற்பதால், "ஹூக்" என்ற வேறொரு கருத்துக்கு அதைச் சேமித்து வைக்க வேண்டும் என்பது என் எண்ணம்.

"பற்று" கணக்குப் புத்தகத்துக்குப் போய்விடுகிறது. "பொருத்து" ஸ்பேனர் பிடிப்பது போல் இருக்கிறது, திருகாணிக்குச் சரி.

மிஞ்சுவது "பிணை". நீதிமன்றத்துப் பிணை நினைவுக்கு வராதா என்று கேட்டிருந்தீர்கள். பெயர்ச்சொல்லாகப் "பிணைப்பு" என்றால் அந்த மயக்கம் வராது. வேதியியல் பாடத்தில் அயனிப் பிணைப்பு, சகப்பிணைப்பு என்று படித்தவர்கள்தாம் நம் வாசகர்கள். எதிர்ச்சொல்லுக்குப் "பிணைப்பு நீக்கு" என்று நீட்ட வேண்டாம். "பூட்டு" கொண்டுவந்த "அவிழ்" இங்கேயும் பொருந்தும். பிணைத்தது அவிழும்.

நான் இதில் பிடிவாதமாக இருப்பதற்கு இன்னொரு காரணம், தன்வினை பிறவினை. செருகியதும் கர்னல் அடையாள எண்ணைச் சொல்கிறது. யூடெவ் அதை மாட்யூல்களின் மாற்றுப்பெயர்க் கோப்பில் தேடவைத்து உரிய மாட்யூலை ஏற்றுகிறது. டிரைவர் தன் அட்டவணையில் அந்த எண் இருப்பதைக் கண்டு கருவியை எடுத்துக்கொள்கிறது. இதில் நாம் எதுவும் செய்யவில்லை: மாட்யூல் ஏறியது, டிரைவர் பிணைந்தது. நாமே மாட்ப்ரோப் கட்டளை கொடுத்தால் ஏற்றினோம். சிஸ் அடைவில் (கர்னலின் நிலையைக் கோப்புகளாகக் காட்டும் இடம்) உள்ள பைண்ட் கோப்பில் எழுதினால் பிணைத்தோம். அவிழ்ந்தது, அவிழ்த்தேன். இறங்கியது, இறக்கினேன். கேபிளுக்கும் அப்படியே: கழன்றது, கழற்றினேன். ஆட்டம் கண்ட கேபிளைப் பற்றி எழுத "கழன்றது" என்ற ஒரு சொல் போதும்.

பழுது பார்ப்பவரின் முதல் கேள்வியே, தானாக நடந்ததா, யாராவது செய்தார்களா என்பதுதானே? அந்த மாணவியின் பதிவுக்கு "டிரைவர் அவிழ்க்கப்பட்டது" என்று விளக்கம் இருந்திருந்தால், "யார் அவிழ்த்தது?" என்று அவரே மேல் வரியைப் பார்த்திருப்பார். பெயர் அங்கேதான் இருந்தது.

"பைண்ட்" என்றே எழுதினால் என்ன என்று கேட்டவருக்கு: டிரைவர், கேபிள், சிப், மாட்யூல் எல்லாவற்றையும் நானும் அப்படியேதான் எழுதுகிறேன், அவற்றை மாற்றச் சொல்லவில்லை. ஆனால் ஆய்வகத்தில் பேசும்போது "பைண்ட் ஆச்சா", "நீ பண்ணினியா" என்றுதான் கேட்கிறோம். ஆகு, பண்ணு என்று வினையைத் தமிழில்தான் பிரிக்கிறோம். பேச்சில் ஏற்கெனவே இருக்கிற பாகுபாட்டுக்கு எழுத்தில் ஒரு வினைச்சொல் கேட்கிறேன், அவ்வளவே.

எதிரெதிரான இரண்டு நிலைகளில் சொற்களைச் சோதித்தும் பார்த்தேன்.

முதலாவது, ஏறியும் பிணையாத நிலை. 2014 அக்டோபரில் விண்டோஸ் வழியாகப் பரவிய ஒரு டிரைவர், எஃப்டிடிஐ நிறுவனத்தின் யூஎஸ்பி சீரியல் சிப்புகளின் போலிகளில் தயாரிப்பு எண்ணை 0000 என்று மாற்றி எழுதியது. 0403:6001 என்று வந்த கருவி 0403:0000 என்று வரத் தொடங்கியது. லினக்ஸின் எஃப்டிடிஐ டிரைவரது அட்டவணையில் அந்த எண் அப்போது இல்லை, பிறகுதான் சேர்த்தார்கள். அதற்கு முந்தைய கர்னல்களில் மாட்யூலைக் கையால் எத்தனை முறை ஏற்றினாலும் டிடிஒய்யூஎஸ்பி0 வராது. யூஎஸ்பி சீரியல் டிரைவரின் நியூஐடி கோப்பில் அந்த இரு எண்களையும் எழுதிய பிறகுதான் வரும். இதைத் தமிழில்: "மாட்யூல் ஏறிவிட்டது. ஆனால் அட்டவணையில் எண் இல்லாததால் பிணையவில்லை. எண்ணைச் சேர்த்ததும் பிணைந்தது." ஒரு விளக்கக் குறிப்பும் தேவைப்படவில்லை. "இணைக்கப்பட்டது ஆனால் இணையவில்லை" என்று எழுதிப் பாருங்கள்.

இரண்டாவது, பாதி அவிழ்ந்த நிலை. எஃப்டி2232 சிப்பில் இரண்டு இடைமுகங்கள் (டிரைவர் தனித்தனியாகப் பிணையும் பகுதிகள்) உண்டு. இரண்டும் பிணைந்தால் டிடிஒய்யூஎஸ்பி0, 1 என்று இரண்டு வரும். சிப்புகளைப் பழுதறியும் ஓப்பன்ஓசிடி போன்ற நிரல் முதல் இடைமுகத்தை ஜேடேக் (சிப்புக்குள் நேரடியாகப் பார்க்கும் முறை) வேலைக்கு எடுத்துக்கொண்டதும் 0 மறைந்துவிடும், 1 அப்படியே இருக்கும். ஒரே கேபிள், ஒரே கருவி. "கருவி துண்டிக்கப்பட்டது" என்பது இங்கே பச்சைப் பொய். "முதல் இடைமுகத்திலிருந்து டிரைவர் அவிழ்ந்தது, இரண்டாவது பிணைந்தே இருக்கிறது" என்றால் நடந்தது நடந்தபடி வந்துவிடுகிறது. பிணைவது இடைமுகத்தோடுதான், கருவியோடு அல்ல என்ற செய்தியையும் கையேட்டின் இந்த இடத்திலேயே சொல்லிவிடலாம்.

கர்னலைப் புதுப்பித்துவிட்டு மறுதொடக்கம் செய்யாமல் இருப்பதால் மாட்யூலே கிடைக்காமல் போவது, சீரியல் போர்ட்டைத் திறக்க அனுமதி பெற்ற டயல்அவுட் குழுவில் பயனர் இல்லாததால் அனுமதி மறுக்கப்படுவது ஆகிய இரண்டு பகுதிகளிலும் "இணை" என்று உள்ளதை எடுத்துவிட்டால் போதும். முன்னதில் "ஏறவில்லை". பின்னதில் எல்லாம் பிணைந்துதான் இருக்கிறது. "திறக்க அனுமதி இல்லை" என்பதே சரி.

அந்த யூஎஸ்பிஎஃப்எஸ் எச்சரிக்கையில் வரும் "க்ளெய்ம்ட் பை" என்பதற்குக் "கைவசம்" என்று எழுதிப் பார்த்திருக்கிறேன்: "0ஆம் இடைமுகம் சிஎச்341இன் கைவசம் இருக்கும்போதே பிஆர்எல்டிடிஒய் 1ஆம் அமைவடிவத்தை நிறுவுகிறது." இதைவிட நல்ல சொல் இருந்தால் சொல்லுங்கள்.

"ப்ரோப்" இன்னும் எனக்குப் பிடிபடவில்லை. டிரைவர் கருவியைத் தொட்டு, இது என்னுடையதுதானா என்று பார்க்கும் அந்தக் கணத்துக்கு "ஆராய்" பெரிதாகவும் "சோதி" கடுமையாகவும் படுகிறது. "தொட்டறி" என்று ஒன்று மனதில் ஓடுகிறது. அதற்குத் தனி இழை தொடங்குகிறேன்.

மூன்றாம், ஐந்தாம் பகுதிகளை இந்தச் சொற்களோடு திருத்தி வைத்திருக்கிறேன். மறுப்பு இருந்தால் வெள்ளிக்குள் எழுதுங்கள். சனிக்கிழமை வகுப்பில் அதே மாணவியிடம் திருத்திய பக்கங்களைக் கொடுத்து, அதே போர்டைச் செருகச் சொல்லப்போகிறேன். எங்கே தடுமாறுகிறார் என்பதைக் குறித்துக்கொண்டு வந்து இங்கே போடுகிறேன்.