மறு: ஃபரவஹருக்குத் தமிழ்ச்சொல்: 'காவல் ஆவி' வேண்டாம், 'சிறகாழி' எப்படி?

குழுவினருக்கு வணக்கம்.

பண்டைய ஈரானின் சொராஸ்திர சமயத்தோடு இன்று இணைத்துப் பேசப்படும் சிறகுச் சின்னமான ஃபரவஹருக்குத் தமிழில் 'காவல் ஆவி' என்ற பரிந்துரைக்கு ஆதரவு கூடிக்கொண்டே போகிறது. கலைச்சொல் பட்டியலில் ஏற்றுவதற்கு முன் கொஞ்சம் பொறுங்கள் என்று கேட்டுக்கொள்கிறேன். அந்தச் சொல் ஒரு காலத்து விளக்கத்தைச் சின்னத்தின் பெயராகவே ஆக்கிவிடுகிறது.

விரிந்த சிறகுகளோடு ஒரு வட்டம், அதிலிருந்து எழும் தாடிக்கார உருவம், கையில் வளையம். கி.மு. 520 வாக்கில் பாரசீகப் பேரரசன் முதலாம் தாரியஸ் ஈரானின் பெகிஸ்தூன் மலையில் தன் வெற்றியைச் செதுக்கியபோது, கட்டுண்டு நிற்கும் எதிரிகளுக்கு மேலே இதைப் பறக்கவிட்டான். கீழே உள்ள கல்வெட்டு 'அகுரமஸ்தாவின் அருளால்' (அகுரமஸ்தா சொராஸ்திரரின் முழுமுதற் கடவுள்) என்று திரும்பத் திரும்பச் சொல்கிறது, ஆனால் மேலே பறப்பது யார் என்று எங்கேயும் சொல்வதில்லை. அதனால்தான் இத்தனை சண்டை. அது அகுரமஸ்தாவேதான் என்பது பலரின் கருத்து. ஈரானிய வரலாற்றறிஞர் ஷாபூர் ஷாபாஜி 1970களில் அதை மறுத்து, அது 'குவரேனா', அதாவது அரசனிடம் தங்கும் திரு என்று வாதிட்டார். 'ஃபிரவஷி', நீங்கள் சொல்லும் காவல் ஆவி, என்ற விளக்கம் 20ஆம் நூற்றாண்டில் பார்சி அறிஞர்கள் வழியாகப் பரவியது. அதில் எனக்குப் பெரிய தடை ஒன்று இருக்கிறது: சொராஸ்திர மறைநூலான அவெஸ்தாவில் ஃபிரவஷிகள் பெண்கள், படை படையாக வருபவர்கள். இங்கே இருப்பதோ தாடி வைத்த ஒற்றை ஆண்.

அப்புறம், சின்னம் ஈரானில் பிறந்ததும் இல்லை. எகிப்தில் சிறகுள்ள சூரியன் அதற்கு ஆயிரம் ஆண்டுகளுக்கும் மேல் முந்தையது. கி.மு. 9ஆம் நூற்றாண்டில் அசீரிய அரசன் இரண்டாம் அசூர்நசிர்பாலின் நிம்ருத் அரண்மனைச் சிற்பங்களில் சிறகு வட்டத்துக்குள் ஆள் உருவமே வந்துவிட்டது. பாரசீகர் எடுத்துக்கொண்டது பெரும்பாலும் இந்த அசீரிய வடிவத்தைத்தான். பாரசீகத் தலைநகர் பெர்செபோலிசில் ஆள் இல்லாத வெறும் சிறகு வட்டமும் இருக்கிறது, அதைக் 'காவல் ஆவி' என்று எப்படி அழைப்பது?

பின்னாள் கதை இன்னும் விசித்திரம். சொராஸ்திர சமயத்தை அரச சமயமாக வைத்திருந்த சாசானிய அரச மரபினர் (கி.பி. 224–651) இந்தச் சின்னத்தைக் கைவிட்டார்கள். நக்ஷ்-இ-ருஸ்தம் பாறைச் சிற்பத்தில் சாசானிய அரசன் முதலாம் அர்தஷீருக்கு வளையத்தை நீட்டும் ஓர்மஸ்த் (அகுரமஸ்தாவின் பிற்காலப் பெயர்), சிறகில்லாமல் குதிரைமேல் மனிதனைப் போல உட்கார்ந்திருக்கிறார். வளையம் தங்கியது, சிறகு போய்விட்டது. 19ஆம் நூற்றாண்டில் பழைய சிற்பங்கள் மீண்டும் கவனத்துக்கு வந்த பிறகுதான் இது மும்பைப் பார்சிகளின் அக்கினிக் கோயில் முகப்புகளிலும், 1934இல் ஈரானின் யஸ்த் நகரில் கட்டிய கோயிலிலும், ஈரானை ஆண்ட பகலவி மன்னர்களின் அரசுக் கட்டடங்களிலும் ஏறியது. மூன்று அடுக்கு இறகுகள் நல்லெண்ணம், நற்சொல், நற்செயல் என்பதும் இந்தப் புதுவாழ்வில் ஒட்டியதுதான். போதனை மிகப் பழையது, அதை இறகு அடுக்கோடு சேர்த்தது புதிது. 1979 இஸ்லாமியப் புரட்சிக்குப் பிறகும் சின்னம் மறையவில்லை. சொராஸ்திரர் அல்லாத ஈரானியர் பலர் இன்று ஈரானிய அடையாளமாகக் கழுத்தில் அணிகிறார்கள்.

ஆகவே நம் சொல் வடிவத்தைச் சொன்னால் போதும், பொருளைக் கட்டுரை ஆசிரியர் சொல்லிக்கொள்ளட்டும். சிறகு + ஆழி = சிறகாழி. ஆழி என்பது வட்டம், சக்கரம், அரசாணைச் சக்கரம், மோதிரம் (கணையாழியை நினைத்துப் பாருங்கள்). வட்டம், ஆட்சி, கையிலுள்ள வளையம் மூன்றையும் ஒரே சொல் தொடுகிறது. சூரியனையும் ஆட்சிச் சக்கரத்தையும் இணைத்துப் பார்ப்பதும் நமக்குப் புதிதல்ல, சிலப்பதிகார மங்கல வாழ்த்தில் ஞாயிறு சோழனின் திகிரியை (ஆட்சிச் சக்கரத்தை) போலத்தான் மேருவைச் சுற்றுகிறது. 'சிறைத்திகிரி' என்றும் யோசித்தேன் ('சிறை' என்றால் சிறகு என்றும் பொருள்), ஆனால் 'சிறை' என்றதும் இன்று ஜெயில்தான் நினைவுக்கு வரும்.

ஆழி கடல் அல்லவா என்று கேட்பீர்கள். சரி, தனிச்சொல்லில் அந்தக் குழப்பம் வரலாம், சிறகோடு சேர்ந்தால் வராது.

என் முன்மொழிவு: எகிப்து, அசீரியா, பாரசீகம் எல்லாவற்றுக்கும் பொதுவாகச் 'சிறகாழி', ஆள் உள்ள வடிவத்துக்கு 'ஆளுருச் சிறகாழி'. 'ஃபரவஹர்' என்பதைப் பெயர்ச்சொல்லாக அப்படியே வைத்து, இன்றைய சொராஸ்திர, ஈரானிய வழக்கைப் பேசும்போது மட்டும் பயன்படுத்தலாம். 'ஆளுரு' நாவில் இடறுகிறது என்று நினைப்பவர்கள் மாற்றுச்சொல் தாருங்கள், அந்த ஒன்றில் எனக்குப் பிடிவாதம் இல்லை.