ட்ரையத்லானுக்கு என்ன ஷார்ட்ஸ் போடறீங்க? நீந்திட்டு ஓடறதுக்குள்ள தொடை வழண்டு போகுது

ஹலசூரு_வாசி

எல்லாருக்கும் வணக்கம். பெங்களூர்ல இருக்கேன், ரெண்டு வருஷமா சைக்கிள் ஓட்டறேன், ஞாயித்துக்கிழமை ஆனா கனகபுரா ரோடு இல்லன்னா ஹெசரகட்டா பக்கம். நீச்சல் இந்த வருஷம் தான் ஒழுங்கா கத்துக்கிட்டேன். அடுத்த மாசம் முதல் ட்ரையத்லான், ஒலிம்பிக் தூரம், அதாவது 1.5 கிலோமீட்டர் நீச்சல், 40 சைக்கிள், 10 ஓட்டம்.

போன ஞாயிறு மூணையும் சேர்த்து ஒரு தடவ பாத்துடலாம்னு காலைல பூல்ல 1 கிலோமீட்டர் நீந்திட்டு அப்படியே ஈரத்தோட சைக்கிள் ஏறிட்டேன். போட்டிருந்தது எப்பவும் போடற பேட் வெச்ச சைக்கிள் ஷார்ட்ஸ். பேட் தண்ணிய குடிச்சிட்டு நனைஞ்ச தலகாணி மாதிரி கனக்குது, மிதிக்க மிதிக்க பின்னாடி சொட்டிக்கிட்டே வருது, 30 கிலோமீட்டர் ஓட்டி முடிச்சும் காயல. அதோட ஓட ஆரம்பிச்சா பேட் ரெண்டு தொடைக்கும் நடுவுல உரசி 3 கிலோமீட்டருக்கு மேல முடியல, நிறுத்திட்டேன். வீட்டுக்கு வந்து குளிக்கும்போது தண்ணி பட்டதும் உசிரே போயிடுச்சு, தொடை இடுக்குல தையல் போற இடம் அப்படியே கோடு போட்ட மாதிரி செவந்து தோல் வழண்டு கிடக்கு.

ட்ரையத்லானுக்குன்னே தனியா வர்ற ட்ரை ஷார்ட்ஸ் வாங்கணுமா, இல்ல ஒவ்வொண்ணுக்கும் மாத்திக்கலாமா? உள்ள ஜட்டி போடணுமா? தயவு செஞ்சு அனுபவம் உள்ளவங்க சொல்லுங்க, இந்த ஒரு விஷயத்துனால ரேஸ் கெட்டுப் போயிடக் கூடாதுன்னு பயமா இருக்கு.

---

மல்லேஸ்வரம்_மிதிவண்டி

தம்பி, மாத்தற யோசனைய விட்ருங்க. இந்த தூரத்துல பெரும்பாலும் உடை மாத்த தனி டென்ட் கிடையாது, ட்ரான்சிஷன்ல, அதாவது நீச்சல்ல இருந்து சைக்கிளுக்கும் அதுல இருந்து ஓட்டத்துக்கும் மாறற இடத்துல, எல்லார் முன்னாடியும் அவுத்து மாத்தறதுக்கு விதில அனுமதியும் இல்ல. 2000 சிட்னி ஒலிம்பிக்ஸ்ல இருந்து இதே 1.5, 40, 10 தான் ஓடறாங்க, நீந்தப் போன உடுப்போட தான் ஃபினிஷ் லைனுக்கு வர்றாங்க. நாமளும் அப்படியே.

ட்ரை ஷார்ட்ஸுக்கும் சைக்கிள் ஷார்ட்ஸுக்கும் வித்தியாசமே பேட் தான். சைக்கிள் ஷார்ட்ஸ்ல மொத்தமான ஃபோம், மணிக்கணக்கா உக்காந்தே இருக்கறவங்களுக்காக செஞ்சது. ட்ரை ஷார்ட்ஸ்ல அது மெல்லிசா, அகலமும் கம்மியா இருக்கும், தண்ணி தங்காம வடிஞ்சிடும், ஓடும்போது தொடைக்கு நடுவுல முட்டாது. நான் வாங்கின அன்னைக்கு ரெண்டையும் ஒரே பக்கெட்ல முக்கி எடுத்து பால்கனி கொடில போட்டுப் பாத்தேன். காபி குடிச்சிட்டு வர்றதுக்குள்ள ட்ரை ஷார்ட்ஸ்ல சொட்டறது நின்னு வெறும் ஈரமா இருந்துச்சு, சைக்கிள் ஷார்ட்ஸ் பேட்ட ரெண்டு விரலால அமுக்கினா இன்னும் தண்ணி பொத பொதன்னு வருது. அந்தத் தண்ணியத் தான் நீங்க 30 கிலோமீட்டர் சொமந்திருக்கீங்க.

ஜட்டி வேண்டவே வேண்டாம். பேட் நேரா தோல் மேல படணும். நடுவுல இன்னொரு துணி வந்தா அதோட தையல், மடிப்பு எல்லாம் சேர்ந்து அறுக்கும். உங்க தொடைல விழுந்த கோடும் தையல் வேலை தான், அதனால புதுசு எடுக்கும்போது உள்பக்கம் திருப்பி விரலால தடவிப் பாருங்க, தையல் தட்டையா படுத்திருக்கணும், கயிறு மாதிரி எழும்பி நின்னா அத எடுக்காதீங்க.

---

ஓசூர்_டு_பெங்களூர்

மேல அண்ணா சொன்னது எல்லாம் சரி, சைஸ் பத்தி நான் சேர்க்கறேன் ஏன்னா நான் அதுல தான் ஏமாந்தேன். ட்ரயல் ரூம்ல போட்டதும் சொகமா இருக்குன்னு எல் சைஸ் எடுத்துட்டேன், தண்ணிக்குள்ள போனதும் லைக்ரா இன்னும் கொஞ்சம் விரிஞ்சு கொடுத்துச்சு, பூல் சுவத்த உதைச்சு கிளம்பற ஒவ்வொரு தடவையும் இடுப்பு வழியா தண்ணி உள்ள போய் பலூன் மாதிரி ஊதிக்கிச்சு. சைக்கிள்ல பேட் இடம் மாறுச்சு. அப்புறம் எம் வாங்கினேன், கடைல போடும்போது கொஞ்சம் இறுக்கமா இருக்கே வேணாமோன்னு தோணுச்சு, ஆனா நனைஞ்சப்புறம் அது தான் கச்சிதம். கடைல சும்மா நின்னு கண்ணாடில பாக்காதீங்க, குனிஞ்சு ஹேண்டில்பார் பிடிக்கற மாதிரி நில்லுங்க, முட்டிய இடுப்பு வரைக்கும் தூக்குங்க, நாலு தடவ உக்காந்து எந்திரிங்க. தொடைக்குப் பின்னாடி துணி சுருண்டு மேல ஏறுச்சுன்னா ரேஸ் அன்னைக்கும் ஏறும், அப்புறம் தோலோட தோல் உரசும். கால் நுனில இருக்கற சிலிகான் பட்டை பிடிக்கணும், ஆனா சதைய பிதுக்கக் கூடாது.

இன்னொண்ணு, சீட் உயரத்தயும் பாருங்க. சீட் தேவைக்கு மேல உயரமா இருந்தா ஒவ்வொரு மிதிக்கும் இடுப்பு இந்தப் பக்கம் அந்தப் பக்கம் ஆடும், அதுல எந்த ஷார்ட்ஸ் போட்டாலும் உரசத் தான் செய்யும். பின்னாடி ஒருத்தர ஓட்டச் சொல்லி வீடியோ எடுத்துப் பாத்தா தெரிஞ்சிடும்.

---

நீச்சல்_அக்கா

லேடீஸ் யாராவது இத படிச்சா அவங்களுக்காக. ஆம்பளைங்க ஷார்ட்ஸ்லயே சின்ன சைஸ் எடுத்து சமாளிக்கலாம்னு நினைக்காதீங்க, நாம உக்கார்ற எலும்போட அகலம் பொதுவா அதிகம், பேட் வடிவமே வேற. முன்னாடி நடுவுல தையல் ஓடாத பேட் தேடி எடுங்க. இடுப்புல மெல்லிசு எலாஸ்டிக்க விட அகலமான பட்டை நல்லது, குனிஞ்சு ஓட்டும்போது வயித்த வெட்டாது. ஒரே பீஸ் ட்ரை சூட்டா, மேல கீழ தனியாவான்னு கேட்டா நான் தனித்தனி தான், ஈரத்தோட பாத்ரூம் போகணும்னா முழு சூட்ட தோள்ல இருந்து உரிச்சு மறுபடி ஏத்தறது பெரும்பாடு. தனியா எடுத்தா மேல் பனியன் இடுப்புக்கு மேல ஏறாத நீளத்துல இருக்கணும், இல்லன்னா முதுகுல ஒரு பட்டை மட்டும் வெயில்ல கருகிடும்.

தம்பி, புண்ணு முழுசா ஆறுற வரைக்கும் நீண்ட சைக்கிள் வேண்டாம்ப்பா. குழந்தைங்களுக்கு டயப்பர் புண்ணுக்கு போடற ஜிங்க் ஆக்சைடு க்ரீம் ராத்திரி போட்டுப் படுங்க, தளர்வான பருத்தித் துணி போடுங்க. சீழ் வைக்கற மாதிரி கட்டி வந்தா வீட்டு வைத்தியம் பாக்காம டாக்டர்ட்ட காட்டிடுங்க.

ரேஸ் காலைல தண்ணில இறங்கறதுக்கு முன்னாடி தொடை இடுக்கு, அக்குள், கழுத்துப் பின்பக்கம் எல்லாம் வாசலின். தேங்காய் எண்ணெய் சீக்கிரமே போயிடுது, வாசலின் அத விட ரொம்ப நேரம் நிக்குது. போட்ட கைய துண்டுல நல்லா துடைச்சிட்டு அப்புறம் தான் காகிள்ஸ தொடணும், கண்ணாடில வாசலின் பட்டுச்சுன்னா மொத்த நீச்சலும் பனிமூட்டத்துக்குள்ள போற மாதிரி தான். கைல கால்ல நம்பர் எழுதற இடத்துலயும் தடவாதீங்க, மார்க்கர் பிடிக்காது.

---

ஜெயநகர்_ரன்னர்

கொஞ்சம் மாத்தி சொல்றேன். காசு இறுக்கமா இருக்கறவங்க, அதுவும் ஸ்பிரின்ட் தூரம் மட்டும், 750 மீட்டர், 20, 5 போறவங்க, முழங்கால் வரைக்கும் வர்ற நீச்சல் ஜாமர்லயே முடிச்சிடலாம். பேட் இல்ல தான், 20 கிலோமீட்டருக்கு பழகின சீட்டா இருந்தா தாங்கும். நான் ரெண்டு தடவ அப்படித் தான் முடிச்சேன். ஆனா 40க்கு நான் சொல்ல மாட்டேன், வாங்கிடுங்க.

வாங்கினப்புறம் அத தினமும் பூலுக்கு போடாதீங்க. க்ளோரின் லைக்ராவ அரிச்சிடும், கொஞ்ச மாசத்துல பின்பக்கம் துணி நைஞ்சு வெளிச்சத்துக்கு நேரா பிடிச்சா கண்ணாடி மாதிரி தெரியும். குனிஞ்சு ஓட்டும்போது பின்னாடி வர்றவங்களுக்கு என்ன தெரியும்னு யோசிச்சுக்கோங்க. பூலுக்கு தனியா ஒரு ஜாமர், பாலியெஸ்டர்னா ரொம்ப நாள் உழைக்கும். ட்ரை ஷார்ட்ஸ ஒவ்வொரு தடவையும் நல்ல தண்ணில அலசி, கம்ஃபர்ட் மாதிரி எதுவும் ஊத்தாம, முறுக்காம நிழல்ல போடுங்க.

---

ஹலசூரு_வாசி

எல்லாருக்கும் ரொம்ப ரொம்ப நன்றி, இவ்வளவு பொறுமையா எழுதினதுக்கு. பத்து நாள் கழிச்சு வந்து எழுதறேன். அக்கா சொன்ன க்ரீம் போட்டு நாலு நாள்ல புண்ணு ஆறிடுச்சு. எல் எடுக்கப் போனவன் ஓசூர் அண்ணா சொன்னத நினைச்சு எம் எடுத்தேன், சீட்டயும் பாத்தேன், உண்மையாவே உயரமா தான் இருந்துச்சு, கொஞ்சம் இறக்கினேன். நேத்து மறுபடி பூல், சைக்கிள், ஓட்டம் மூணும் சேர்த்து. பூல்ல இருந்து ஏறினப்போ விடிகாலைக் குளிருல ஈரத் தொடைல காத்து பட்டு நடுங்குச்சு, ஆனா 5 கிலோமீட்டர் தாண்டறதுக்குள்ள ஷார்ட்ஸ்ல ஈரமே தெரியல. 6 கிலோமீட்டர் ஓடினேன். வீட்டுக்கு வந்து பயந்து பயந்து தண்ணி ஊத்தினேன், எங்கயும் எரியல.

ஒரே ஒரு சந்தேகம், உள்ள இருக்கற நாடா முடிச்சு ஓடும்போது தொப்புளுக்குக் கீழ அழுத்துது, அத வெட்டி எடுத்துடலாமா?

---

மல்லேஸ்வரம்_மிதிவண்டி

வெட்டாதீங்க தம்பி, நீச்சலுக்கு அது வேணும். முடிச்ச நடுவுல போடாம ரெண்டு நுனியையும் ஒரு பக்கமா இழுத்து இடுப்பெலும்புக்கு முன்னாடி வர்ற மாதிரி தட்டையா கட்டி, மிச்சத்த பட்டைக்குள்ள சொருகிடுங்க. நான் அப்படித் தான் கட்டறேன்.